அண்ணன் வாங்கும் பெயின்டில் என்ன இருக்கிறது?

கேள்வி: நான் கணக்காளராக வேலை பார்க்கிறேன். நான்கு வயதிலும் ஒன்றரை வயதிலும் இரண்டு பிள்ளைகள். பெயின்ட், பொம்மை, குழந்தைகளுக்கான நாற்காலி, கட்டில் போன்றவற்றில் ஈயத்தின் அளவுக்கு உச்சவரம்பு கொண்டுவர எங்கள் அரசு ஒரு வரைவு விதியை வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. மூத்தவன் படிக்கும் மழலையர் பள்ளியின் பெற்றோர் குழு, விதியை இன்னும் கடுமையாக்கச் சொல்லி எல்லோரையும் எழுதச் சொல்கிறது. எனக்கும் எழுத விருப்பம்தான். ஆனால் என் அண்ணன் சின்னதாக ஒரு பட்டறை வைத்து மரப் பொம்மைகளும் குழந்தை நாற்காலிகளும் செய்து விற்கிறார். “விதி வந்தால் பெரிய கம்பெனிக்காரன் வக்கீல் வைத்துச் சமாளிப்பான், நான்தான் பட்டறையை மூட வேண்டும். ஜாக்கிரதையாக இருக்கிறவர்கள் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?” என்கிறார். விஞ்ஞானம் படிக்காத நான் என்ன எழுத முடியும்? எழுதினால் அண்ணனுக்குத் துரோகம் செய்தது போல் ஆகாதா?

சுற்றுச்சூழல் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதுங்கள். முடிந்தால் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “போன மாதம் நீ வாங்கிய மஞ்சள் பெயின்டில் ஈயம் எவ்வளவு இருக்கிறது?”

அவருக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நிறத்தின் பெயர் இருக்கும், கலக்க வேண்டிய தின்னரின் அளவு இருக்கும், எவ்வளவு நேரத்தில் காயும் என்பதும் இருக்கும். விற்றவரைக் கேட்டால், “இத்தனை வருஷமாக எல்லோரும் இதைத்தானே வாங்குகிறார்கள்” என்பார். பார்த்து வாங்கட்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிற உங்கள் அண்ணனே பார்க்க வழியில்லாமல்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நாற்காலி வாங்கும் தாய்க்கும் நாற்காலி செய்யும் தச்சருக்கும் தெரியாத ஒன்று, பெயின்ட் தயாரித்தவருக்கு மட்டும் தெரியும். அந்த ஒருவர் வாயைத் திறக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்குவதுதான் இந்த விதியின் முதல் வேலை. உச்சவரம்பெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

ஈயம் பெயின்டுக்குள் தற்செயலாக வந்து விழுவதில்லை. பளீரென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு ஈய குரோமேட் என்ற நிறமி நூறாண்டுகளுக்கும் மேலாகப் பழக்கத்தில் இருக்கிறது. வெயிலில் வெளுக்காது, ஒரு பூச்சிலேயே அடியில் இருப்பதை மறைத்துவிடும். எண்ணெய்ப் பெயின்ட் சீக்கிரம் காய்வதற்கும் சில ஈய உப்புகளைச் சேர்ப்பார்கள். இரண்டுக்கும் ஈயமில்லாத மாற்று இருக்கிறது. பல நாடுகளில் ஈயமில்லாமலே பெயின்ட் தயாராகிக்கொண்டும் இருக்கிறது. மாறாதவர்கள் மாறாமலிருக்கப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: யாரும் கேட்கவில்லை.

பூச்சு புதிதாக இருக்கும்போது பெரிய ஆபத்தில்லை. தேய்ந்து, உரிந்து, பொடியாகும்போது அது தரையில் படிகிறது. தவழும் குழந்தையின் கை தரைக்கும் வாய்க்குமாக நாளெல்லாம் போய்வருகிறது. நாற்காலியின் விளிம்பைப் பல் முளைக்கும் குழந்தை கடிப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஈய உப்புகள் சிலவற்றுக்கு இனிப்புச் சுவை உண்டு என்பது கூடுதல் கொடுமை. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்கிறது. வளரும் எலும்புக்குக் கால்சியம் தேடும் உடல், ஈயத்தையும் கால்சியம் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகிறது. எலும்பில் போய் உட்கார்ந்தது பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். பெண்ணாக இருந்தால், அவள் கருவுறும் காலத்தில் எலும்பிலிருந்து இறங்கிக் கருவிலிருக்கும் குழந்தைக்கும் போகும்.

என்னிடம் வந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு வயது. பெற்றோர் இருவரும் படித்தவர்கள். பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, குடிநீருக்கு வடிகட்டி, ஒவ்வொரு பொருளின் லேபிளையும் படித்துப் படித்துக் கண் பூத்தவர்கள். ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. கடைசியில் பார்த்தால், குழந்தை நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கும் ஜன்னலின் சட்டம். அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் என்றோ அடித்த பெயின்ட். ஜன்னலைத் திறந்து மூடும்போதெல்லாம் பொடி உதிர்ந்திருக்கிறது. அந்தத் தாய் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “நான் எதைப் படிக்காமல் விட்டேன் டாக்டர்?” அவர் எதையும் விடவில்லை. ஜன்னல் சட்டத்துக்கு லேபிள் கிடையாது.

மருத்துவத்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். என் தொழிலைப் பற்றி நானே குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2001-ல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஈயம் கூடியிருந்த 780 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஈயத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தும், மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. அறிவுத்திறன், நடத்தைச் சோதனைகளில் இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை. மிக அதிகமான அளவில் உயிரைக் காப்பாற்ற அந்த மருந்து வேண்டும்தான். ஆனால் மூளை வளரும் பருவத்தில் நடந்துபோனதை அதனால் திருப்பி எடுக்க முடியவில்லை. அதனால்தான் இந்த நோய்க்கு நான் எழுதித் தரக்கூடிய நல்ல மருந்துச்சீட்டு, அரசு அலுவலகம் ஒன்றுக்கு நீங்கள் எழுதப்போகும் கடிதம் என்கிறேன்.

‘பாதுகாப்பான அளவு’ என்று ஒன்று இருக்குமே, அதற்குக் கீழே இருந்தால் போதாதா? அந்த எண்ணின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1960-களில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 60 மைக்ரோகிராம் ஈயம் வரை கவலைப்பட வேண்டியதில்லை என்றார்கள். 1971-ல் அது 40 ஆயிற்று. 1975-ல் 30, 1985-ல் 25, 1991-ல் 10, 2012-ல் 5, 2021-ல் 3.5. குழந்தைகளின் உடல் மாறவில்லை. நமக்குத் தெரிந்தது கூடிக்கொண்டே போயிற்று. தீங்கில்லாத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்கிறது. 1960-களில் 50 இருந்த குழந்தையின் பெற்றோரிடம் “ஒன்றும் இல்லை, அழைத்துப் போங்கள்” என்று சொன்ன மருத்துவர், அன்றைய புத்தகப்படி சரியாகத்தான் சொன்னார்.

ஆனால் எல்லாம் தாமதமாகத்தான் தெரியவந்தது என்று சொல்லி யாரும் தப்பிக்கவும் முடியாது. 1904-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் எழுதிவைத்துவிட்டார். பார்வை மங்கி, கைகால் தளர்ந்து வந்த குழந்தைகளுக்கு ஈய நஞ்சு ஏறியிருப்பது அங்கே முன்பே தெரியும். எங்கிருந்து என்பதுதான் புதிர். வீட்டுத் தாழ்வாரத்தின் கைப்பிடிக் கம்பிகளில் அடித்த பெயின்ட் வெயிலில் பொடியாகிக் குழந்தைகளின் விரல்களில் ஒட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். குவீன்ஸ்லாந்து மாநிலம் 1922-ல் சட்டம் போட்டது. வீடுகளின் உட்புறம் பெயின்ட் அடிக்க வெள்ளை ஈயம் என்ற நிறமியைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையை 1921-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிவிட்டது. அமெரிக்காவில் என்ன நடந்தது? 1955-ல் தொழில்துறையின் சம்மதத்தோடு ஒரு தன்னார்வத் தரம் வந்தது: வீட்டுக்குள் அடிக்கும் பெயின்டில் ஈயம் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். விரும்பினால் பின்பற்றலாம். 0.06 சதவீதம் என்ற கட்டாய வரம்பு நாடு முழுவதற்கும் 1978-ல்தான் வந்தது. கிப்சன் எழுதி 74 ஆண்டுகள் கழித்து. அதுவும் போதாது என்று 2009-ல் 0.009 சதவீதமாக, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்காக இறக்கினார்கள். அந்தப் பழைய 1 சதவீதம் இதைப்போல நூறு மடங்குக்கும் மேல். “அரசாங்கம் எதற்கு, தொழில்துறையே பார்த்துக்கொள்ளும்” என்ற ஏற்பாடு எப்படியிருக்கும் என்று அண்ணன் கேட்டால், இந்த இரண்டு எண்களைக் காட்டுங்கள். கணக்காளர் நீங்கள், எண்களைப் பேச விடுவது உங்களுக்குக் கைவந்த கலை.

பெட்ரோலில் கலந்த ஈயத்தின் வரலாறு இதைவிட மோசம். அதில் ஒரு பகுதி உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். எஞ்சின் இடிக்காமல் ஓட, ஈயக் கலவை சேர்த்த பெட்ரோல் 1923-ல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளிகள் சித்தம் கலங்கி இறந்தார்கள். ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவர்கள் எதிர்த்தும், சிறிது காலம் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி விற்றார்கள். தொழில்துறைக்காக ஆய்வு செய்த ராபர்ட் கீஹோ என்பவரின் வாதம் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு நிலைத்தது: பொதுமக்களுக்குத் தீங்கு என்று நிரூபித்துக் காட்டுங்கள், அதுவரை விற்போம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடம் அவரிடம், பணம் அவர்களிடம், தரவும் அவர்களிடம். தெருவில் நடக்கிறவன் எதை வைத்து நிரூபிப்பான்?

எல்லா மனிதர் உடம்பிலும் ஈயம் இருக்கிறது, ஆகவே அது இயற்கை என்றும் அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை உடைத்தவர் மருத்துவரே அல்ல. பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று ஈயத்தை அளந்து கணக்கிட்ட புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். தன் அளவைகளில் எங்கும் ஈயம் வந்து கலந்து கெடுக்கவே, தூசியே புகாத ஆய்வறையைக் கட்டி அளந்தவர் அவர். அப்போதுதான் புரிந்தது: எல்லோர் உடம்பிலும் இருப்பது இயற்கையான அளவு அல்ல, எல்லோருமே மாசுபட்டிருக்கிறார்கள். 1965-ல் அதை எழுதினார். எதிர்ப்பு கடுமையாக வந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கினார்கள். அதே நேரத்தில், வேறு ஏதேதோ காரணங்களுக்காக நாடு முழுவதும் ரத்த மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஒரு கணக்கெடுப்பும் நடந்துகொண்டிருந்தது. 1976-க்கும் 1980-க்கும் இடையில் மக்கள் ரத்தத்தில் ஈயம் 37 சதவீதம் இறங்கியிருந்தது. பெட்ரோலில் ஈயம் இறங்கிய கோட்டையும் ரத்தத்தில் இறங்கிய கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், நிழலும் ஆளும் போல ஒட்டி நின்றன. அந்தக் கணக்கெடுப்புக் காலத்தில் டெசிலிட்டருக்குச் சராசரி 12.8 மைக்ரோகிராமாக இருந்த ரத்த ஈய அளவு, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 2.8 ஆகிவிட்டது. யாரும் லேபிள் படிக்கவில்லை. யாரும் அதிக ஜாக்கிரதையாகி மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கவில்லை. உலகத்தில் கடைசியாக ஈய பெட்ரோல் விற்ற அல்ஜீரியாவும் 2021 ஜூலையில் நிறுத்தியது. ஐந்து பேர் இறந்து 97 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். விஞ்ஞானம் படிக்காதவள் என்ன எழுதுவது என்கிறீர்கள். கருத்துக் கேட்பில் விஞ்ஞானிகள் எழுதுவார்கள், தொழில்துறைச் சங்கங்கள் தடிமனான அறிக்கை அனுப்பும். இவர்கள் எழுதுவதில் வராத ஒன்று, அந்த விதி ஒரு வீட்டுக்குள் எப்படி நுழையும் என்பது. பெற்றோர் குழு ஒரே மாதிரிக் கடிதத்தை அச்சடித்துக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுங்கள், தப்பில்லை. ஆனால் நூறு ஒரே மாதிரிக் கடிதத்தை அதிகாரி ஒன்றாகத்தான் எண்ணுவார். தனியாக ஒன்று எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், வரைவின் எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும், ஏன். ‘கடுமையாக்குங்கள்’ என்று மட்டும் எழுதினால் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. ‘இந்தப் பிரிவில் உள்ள இந்த எண்ணை இப்படி மாற்றுங்கள்’ என்று எழுதினால் அவரால் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

வரைவை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த மாதிரி விதிகள் எங்கே ஓட்டையாகும் என்பது பழகிய விஷயம். முதலில் எண். உலர்ந்த பூச்சில் மொத்த ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்பதையே ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் மாதிரிச் சட்டமும் சொல்கிறது. ‘மொத்த’ என்ற சொல் முக்கியம். ‘கரையக்கூடிய ஈயம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நிறைய ஈயம் உள்ள பெயின்டும் சோதனையில் தேறிவிடக்கூடும். அடுத்து, எந்தப் பெயின்டுக்கு இது பொருந்தும் என்று பாருங்கள். ‘அலங்காரப் பெயின்ட்’ என்று மட்டும் இருந்தால் ‘தொழிற்சாலைப் பெயின்ட்’ என்ற பெயரில் அதே டப்பா வேறு அலமாரியிலிருந்து வரும். சிறிய பட்டறைகள் வாங்குவது பல நேரம் அதைத்தான். எல்லாப் பெயின்டுக்கும் ஒரே வரம்பு கேளுங்கள்.

எண்ணைவிட நான் அதிகம் கவலைப்படுவது, யார் சோதிப்பது, முடிவு யாருக்குத் தெரியும் என்பதைப் பற்றித்தான். கம்பெனி தானே சோதித்துத் தானே கையெழுத்துப் போட்ட சான்றிதழ், மாணவனே திருத்திக்கொண்ட விடைத்தாள். அங்கீகாரம் பெற்ற, விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வகம் சோதிக்க வேண்டும். அரசு கடைகளிலிருந்து சொல்லாமல் மாதிரி எடுத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். தேறாத பொருளின் பெயர், தயாரிப்பு எண், யார் தயாரித்தது எல்லாம் பொதுவில் வெளியாக வேண்டும். சந்தையிலிருந்து திரும்பப் பெறும் செலவு தயாரித்தவருடையது என்று எழுதியிருக்க வேண்டும். இதில் ஒரே ஒன்றைத்தான் உங்களால் கேட்க முடியும் என்றால், முடிவுகளைப் பொதுவில் வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். மற்றதையெல்லாம் பத்திரிகைக்காரர்களும் போட்டிக் கம்பெனிகளுமே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சட்டத்தில் ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை. 1937-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் சல்ஃபா மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும்படி இனிப்பான திரவமாக்க நினைத்தது. கரைக்க எடுத்துக்கொண்டது டைஎதிலீன் கிளைக்கால் என்ற, சிறுநீரகத்தைச் சிதைக்கும் திரவம். சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லையே. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அரசு அந்த மருந்தைப் பறிமுதல் செய்ய முடிந்ததற்குக் காரணம், அதன் பெயரில் ‘எலிக்சிர்’ என்று இருந்ததுதான். எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே தவறான லேபிள். ‘கரைசல்’ என்று பெயர் வைத்திருந்தால், ஆட்களைக் கொன்ற மருந்தின் மீது கைவைக்க அதிகாரிகளுக்கு அதிகாரமே இருந்திருக்காது. விற்பதற்கு முன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் அடுத்த ஆண்டே வந்தது.

விதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். அதே டைஎதிலீன் கிளைக்கால் 2022-ல் காம்பியாவில் இருமல் மருந்தில் கலந்து வந்து அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. 85 ஆண்டுகளாகத் தெரிந்த நஞ்சு. காகிதத்தில் விதி இருந்தும், எல்லையில் மாதிரி எடுக்க ஆளும் ஆய்வகமும் இல்லாவிட்டால் இதுதான் கதி. இன்னொரு வகைத் தோல்வியும் உண்டு. பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருளைக் குழந்தைப் பாட்டில்களில் தடுத்ததும், ‘பிபிஏ இல்லை’ என்ற முத்திரையோடு சில பொருள்களில் அதன் உடன்பிறப்பான பிஸ்பினால் எஸ் வந்து உட்கார்ந்தது. அது ஹார்மோன்களோடு விளையாடுவதிலும் அண்ணனுக்குத் தம்பி சளைத்ததல்ல என்று பிறகு ஆய்வுகள் சொல்லத் தொடங்கின. ஆகவே உங்கள் கடிதத்தில், ஈயத்துக்குப் பதில் எதைப் போடுகிறார்கள் என்பதையும் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

எழுதக் கூடாத ஒன்றும் இருக்கிறது. ‘ரசாயனங்களைத் தடை செய்யுங்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீரும் ரசாயனம்தான். ‘கெமிக்கல் இல்லாதது’ என்று அச்சிட்டு விற்கிற பொருளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், அதைத் தயாரித்தவரை நம்பவும் தோன்றாது. எல்லாவற்றுக்கும் கூச்சல் போட்டால், உண்மையான ஆபத்துக்குப் போடும் கூச்சலும் அதில் கரைந்துபோகும்.

அண்ணனுக்கு வருவோம். அவர் பயம் வெறும் சாக்கு அல்ல. மோசமாக எழுதப்பட்ட விதி சிறியவர்களைத்தான் முதலில் நசுக்கும். அவர் செய்யும் ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனியாக ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் பட்டறையை மூட வேண்டியதுதான். ஆனால் வரம்பைப் பெயின்ட் தயாரிக்கும் இடத்திலேயே வைத்தால்? டப்பா கடைக்கு வருவதற்கு முன்பே சோதனை முடிந்திருந்தால்? அவர் சான்றிதழ் உள்ள டப்பாவை வாங்கி, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். சோதனையின் சுமை, ஒரு கலவையில் ஆயிரக்கணக்கான டப்பா நிரப்புகிறவன் தலையில் விழும்; அவனுக்கு அது சுமையே இல்லை. விதி இல்லாவிட்டால் நிலைமை எப்படி? 2007-ல் உலகச் சந்தைக்குப் பொம்மை செய்துகொடுத்த ஒரு தொழிற்சாலையின் பொருள்களில் ஈயப் பெயின்ட் இருப்பது தெரிந்து, லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். பழகிய ஒருவர் விநியோகித்த நிறமியை நம்பி வாங்கியதில் வந்த வினை என்று அப்போது செய்திகள் கூறின. அந்தத் தொழிற்சாலைக்காரரின் இடத்தில் உங்கள் அண்ணனை வைத்துப் பாருங்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

ஆகவே அவரும் எழுதட்டும், அவருடைய கடிதம் தனியாகப் போகட்டும். சோதனைப் பொறுப்பு பெயின்ட் தயாரிப்பாளருக்கே என்று விதி தெளிவாகச் சொல்ல வேண்டும். கையிருப்பை முடிக்கச் சிறிய பட்டறைகளுக்குக் கால அவகாசம் வேண்டும். சந்தேகமான டப்பாவைக் குறைந்த செலவில் சோதித்துக்கொள்ள ஓர் அரசு ஆய்வகம் வேண்டும். வெளியிலிருந்து இறக்குமதியாகும் பொம்மைக்கும் அதே வரம்பு வேண்டும். கடைசியாகச் சொன்னதை அவர் நிச்சயம் ரசிப்பார். நேர்மையாகச் செய்கிற சின்னத் தொழில்காரரை, எதையும் கலந்து மலிவாக விற்கிறவனிடமிருந்து காப்பாற்ற அதைவிட நல்ல வேலி கிடையாது. சட்ட வரைவில் தாயும் தொழில்காரரும் ஒரே பிரிவைத் திருத்தச் சொல்லி எழுதியிருப்பதை அதிகாரிகள் தினமும் பார்ப்பதில்லை. இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

விதி வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பூச்சு உரியும் பழைய பொருளைச் சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். அது பொடியை வீடு முழுவதும் பரப்பும். துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைக் கழுவுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொண்டால் உடல் ஈயத்தை உறிஞ்சுவது குறையும். அண்ணன் செய்த நாற்காலி உங்கள் வீட்டில் இருந்து, அது தேய்ந்துபோயிருந்தால், சின்னவனுக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடுங்கள்.

அண்ணனுக்கும் பாருங்கள். பெயின்டைத் தெளிப்பானில் அடிக்கிறவர், காய்ந்ததைத் தேய்த்து மறு பூச்சு போடுகிறவர், அந்தப் பொடியை மூச்சில் முதலில் இழுப்பது அவர்தான். உங்கள் பிள்ளைகள் அவருக்கு அடுத்த வரிசையில்தான் நிற்கிறார்கள். பெரியவர்களுக்கு அது ரத்த அழுத்தமாக, சிறுநீரகக் கோளாறாக மெதுவாக வரும், பெயின்டோடு யாரும் அதை இணைத்துப் பார்க்க மாட்டார்கள். பெயின்ட் விற்கிறவரிடம் ஈயத்தின் அளவை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் வருகிறது என்பதை உங்கள் கடிதத்தோடு இணைத்து அனுப்பலாம், பதிலே வராவிட்டால் அதையும். கருத்துக் கேட்பின் கடைசித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறையில் போட்ட சட்டையோடு வந்து பிள்ளைகளைத் தூக்க வேண்டாம் என்பதை மட்டும் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.